வெதர் ரேடியோவை வாங்கி, செட் செய்து, யாரும் ப்ளக்கைப் பிடுங்காமல் வைத்திருப்பது எப்படி

டெக்சஸின் டல்லாஸ் பக்கம், பிளேனோ, ஃபிரிஸ்கோ, ஆலன் என்று புதிதாகக் குடிவரும் நம் ஆட்களிடம் நான் முதலில் கேட்பது, "வெதர் ரேடியோ வாங்கியாச்சா?" என்பதைத்தான். புயல், வெள்ளம் வருகிறது என்றால் தானே கத்தி நம்மை எழுப்பும் வானிலை எச்சரிக்கைப் பெட்டி அது. "போன்லயே அலர்ட் வருமே" என்பார்கள். வரும். ஆனால் எல்லாவற்றுக்கும் வராது.

2012 முதல் நடப்பில் இருக்கும் அந்த செல்போன் எச்சரிக்கை டொர்னேடோ (சுழல்காற்று) வார்னிங்குக்கு வந்துவிடும். கடும் இடிமழை என்றால் கதை வேறு. 2021 ஆகஸ்டிலிருந்து, மணிக்கு 80 மைல் காற்றோ 2.75 அங்குல ஆலங்கட்டியோ, அதாவது பேஸ்பால் அளவுக் கட்டியோ, எதிர்பார்க்கப்பட்டால்தான் போன் அலறும். ஆனால் வானிலை அலுவலகம் இடிமழை வார்னிங் கொடுக்கத் தொடங்குவது 58 மைல் காற்றுக்கும் 1 அங்குல ஆலங்கட்டிக்கும். நடுவில் இருக்கும் 70 மைல் காற்று, பக்கத்து வீட்டு மரத்தை நம் கூரைமேல் சாய்க்கப் போதும். அதற்குப் போன் வாயே திறக்காது. வெதர் ரேடியோ திறக்கும்.

இன்னொன்றும் உண்டு. எங்கோ தூரத்து ஊரில் குழந்தை கடத்தப்பட்டதாக நள்ளிரவில் ஓர் ஆம்பர் அலர்ட் வந்து தூக்கத்தைக் கெடுக்கும். மறுநாளே செட்டிங்ஸுக்குப் போய் இருக்கிற எல்லா அலர்ட்டையும் சேர்த்து அணைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்புறம் அணைத்ததே மறந்துபோகும். ஊர் சைரனையும் நம்பிப் படுக்க முடியாது. அது வெளியில் இருப்பவர்களை உள்ளே போகச் சொல்வதற்காக வைத்தது. ஜன்னலைச் சாத்தி, ஏசி ஓட, ஃபேன் ஓட, உள்ளறையில் தூங்குகிறவர் காதுக்கு அது எட்டும் என்பதற்கு உறுதி கிடையாது.

இரவுதான் எனக்குக் கவலை. 2015 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இருட்டிய பிறகு கார்லண்ட், ரௌலட் ஊர்களைத் தாக்கிய டொர்னேடோவில் 10 பேர் இறந்தார்கள். டிசம்பரில் டொர்னேடோவை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 2019 அக்டோபர் 20 ஞாயிறு இரவு 9 மணி வாக்கில் வடக்கு டல்லாஸ், ரிச்சர்ட்சன் வழியாக ஒன்று போனது. உயிரிழப்பு இல்லை என்பது பெரிய ஆறுதல். 2005 நவம்பர் 6 அதிகாலையில் இண்டியானாவின் எவன்ஸ்வில்லில் அப்படி இல்லை. ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது, 25 பேர் போய்விட்டார்கள். அதில் பெரும்பாலோர் ஒரே மொபைல் ஹோம் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் வீடு) குடியிருப்பில் இருந்தவர்கள். அதன் பிறகு அந்த மாநிலத்தில் புதிய மொபைல் ஹோம்களில் வெதர் ரேடியோ இருக்க வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தார்கள்.

ஆகவே ஒன்று வாங்குங்கள். ஆனால் வாங்கியதோடு வேலை முடியவில்லை. இந்தப் பெட்டியை வாங்கிய பல வீடுகளில் அது இப்போது அலமாரிக்குள் இருக்கிறது. டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே ப்ளக்கில் செருகியிருப்பார்கள். எண்பது மைல் தள்ளி எங்கோ மழைக்கெல்லாம் அது இரவு மூன்று மணிக்குக் கத்தியிருக்கும். இரண்டு இரவு பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாவது இரவு பிடுங்கிப் போட்டிருப்பார்கள். அவர்கள்மேல் தப்பே இல்லை, செட் செய்யாத ரேடியோ அப்படித்தான் நடந்துகொள்ளும். நான் கீழே சொல்லும் எல்லாமே, அந்த மூன்றாவது இரவிலும் அது ப்ளக்கில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது

நோவா வெதர் ரேடியோ என்பது அமெரிக்க தேசிய வானிலை சேவை நடத்தும் வானொலி வலையமைப்பு. நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிபரப்புக் கோபுரங்கள். 24 மணி நேரமும் அந்தந்தப் பகுதியின் முன்னறிவிப்பு, இப்போதைய வெப்பநிலை, காற்று என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிச்சுற்றி வாசித்துக்கொண்டே இருக்கும். வாசிப்பது கணினிக் குரல். பாட்டு கிடையாது, விளம்பரம் கிடையாது, சந்தாவும் கிடையாது.

இது சாதாரண ஏஎம், எஃப்எம் ரேடியோவில் எடுக்காது. 162.400 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 162.425, 162.450, 162.475, 162.500, 162.525, 162.550 என்று ஏழே அலைவரிசைகள். நாட்டில் எங்கே போனாலும் இந்த ஏழில் ஒன்றில்தான் இருக்கும். சமதரையில் ஒரு கோபுரம் சுமார் 40 மைல் வரை எட்டும்.

1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் 13 மாநிலங்களில் 148 டொர்னேடோக்கள் அடித்தன. அதற்கு மறு வருடம், 1975 ஜனவரியில், வீடுகளுக்கு நேரடியாக எச்சரிக்கை கொண்டுபோகும் அரசு வானொலி இதுதான் என்று வெள்ளை மாளிகை அறிவித்தது. கோபுரங்கள் பெருகியது அதற்கப்புறம்தான்.

நமக்கு முக்கியமானது 1990களில் வந்த ஒரு சேர்க்கை. அதன் பெயர் சேம். எச்சரிக்கை வரும்போது குரலுக்கு முன்னால் கரகரவென்று வாத்து கத்துவது மாதிரி ஒரு சத்தம் மூன்று முறை வரும். கேட்டிருப்பீர்கள், டிவியிலும் வரும். அந்தக் கரகரப்புக்குள்தான் விஷயமே இருக்கிறது: என்ன ஆபத்து, எந்தெந்தக் கவுன்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி), எவ்வளவு நேரத்துக்கு, எப்போது வெளியிட்டது, எந்த நிலையம். மூன்று முறை அனுப்புவது, ஒன்றில் இரைச்சல் புகுந்து கெட்டாலும் மற்ற இரண்டை ஒப்பிட்டு ரேடியோ புரிந்துகொள்ளட்டும் என்பதற்காக. உங்கள் கவுன்டி அந்தப் பட்டியலில் இருந்தால் பெட்டி விழித்துக்கொள்ளும். இல்லையென்றால் பேசாமல் இருக்கும். சேம் இல்லாத மலிவு ரேடியோ, அதற்கடுத்து வரும் 1050 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்டாலே கத்திவிடும். கோபுரத்தின் கீழ் பத்துப் பன்னிரண்டு கவுன்டி இருந்தால் அத்தனைக்கும் கத்தும்.

வாங்கும்போது

மேஜைமேல் வைக்கும் மாடல், சேம் வசதி உள்ளது, மின்சாரம் போனால் ஓட பேட்டரி இடம். இந்த மூன்றும் இருந்தால் போதும். 30 முதல் 50 டாலருக்குள் நல்லதே கிடைக்கும். கைப்பிடி சுற்றி சார்ஜ் செய்வது, சோலார் தகடு, டார்ச், எஃப்எம் எல்லாம் சேர்ந்த அவசரகால ரேடியோ என்று ஒன்றைக் கடைகளில் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருப்பார்கள். அதில் "வெதர் பேண்ட்" என்று எழுதியிருந்தால் நாமாகப் போட்டால் கேட்கலாம், அவ்வளவுதான். பெரும்பாலும் சேம் இருக்காது, நம்மை எழுப்பாது. படுக்கையறைக்கு அது உதவாது.

அட்டைப்பெட்டியில் "பப்ளிக் அலர்ட்" என்ற தரச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் வெளி ஆன்டெனா செருகும் துளை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்னல் பலவீனமான வீட்டில் அதுதான் காப்பாற்றும். வீட்டில் காது கேளாதவரோ காது மந்தமானவரோ இருந்தால், பளிச்சென்று மின்னும் விளக்கையும் தலையணைக்கு அடியில் வைத்தால் அதிரும் தட்டையும் இணைக்கும் மாடல்களும் உண்டு. அதைத் தேடி வாங்குங்கள்.

கவுன்டி எண்

முதல் வேலை இதுதான், பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். புதுப் பெட்டி பெரும்பாலும் "எனி" அல்லது "ஆல்" என்ற நிலையில் வரும். அந்தக் கோபுரத்தின் எல்லாக் கவுன்டிக்கும் கத்து என்று அர்த்தம்.

சேம் எண் ஆறு இலக்கம். முதல் இலக்கம் கவுன்டியின் எந்தப் பகுதி என்பதற்கு; முழுக் கவுன்டிக்கும் 0. வீட்டு ரேடியோவுக்கு 0 போட்டால் சரி. அடுத்த இரண்டு மாநிலம், கடைசி மூன்று கவுன்டி. டெக்சஸுக்கு 48. அதனால் காலின் கவுன்டி 048085, டென்டன் 048121, டல்லாஸ் 048113, டாரன்ட் 048439. நம் ஆட்கள் அதிகம் இருக்கும் வேறு சில இடங்கள்: நியூ ஜெர்சியின் மிடில்செக்ஸ் 034023, வட கரோலினாவின் வேக் 037183, அட்லாண்டாவுக்கு வடக்கே ஃபோர்சைத் 013117, சிகாகோவை ஒட்டிய டூபேஜ் 017043. மற்றவர்கள் தேசிய வானிலை சேவையின் தளத்தில் மாநிலத்தையும் கவுன்டியையும் தேர்ந்தெடுத்தால் எண் வந்துவிடும். சில மாடல்களில் எண்ணே வேண்டாம், மாநிலம், கவுன்டி பெயரை மெனுவிலேயே தேர்ந்தெடுக்கலாம்.

ஊர் பெயரை வைத்துக் கவுன்டியை ஊகிக்காதீர்கள். ஃபிரிஸ்கோவின் ஒரு பாதி காலினில், மறு பாதி டென்டனில். பிளேனோவிலும் மேற்கு ஓரத்தில் ஒரு துண்டு டென்டனுக்குள் போகிறது. டல்லாஸ் நகரமே பல கவுன்டிகளில் கால் வைத்திருக்கிறது. சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் உங்கள் கவுன்டி இருக்கும். வாடகை வீடு என்றால் வாக்காளர் அட்டையோ கார் பதிவுக் காகிதமோ சொல்லும்.

பக்கத்துக் கவுன்டியையும் சேர்க்க வேண்டுமா? பெட்டி இருபதுக்கு மேல் எண்களைக்கூட ஏற்றுக்கொள்ளும் என்பதற்காக எல்லாவற்றையும் போட்டு நிரப்பக் கூடாது. இங்கே வசந்த காலப் புயல்கள் பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும். மணிக்கு 40 மைல் வேகத்தில் வருகிற புயல் 20 மைலைக் கடக்க அரை மணி நேரம். ஆகவே காலினில் இருக்கும் எனக்கு டென்டனையும் சேர்த்துக்கொள்வதில் லாபம் இருக்கிறது. கிழக்கே இருக்கும் ஹன்ட் கவுன்டியைச் சேர்த்தால், எங்களைத் தாண்டிப் போய்விட்ட புயலுக்கு எழுந்து உட்கார்ந்திருப்போம். சொந்தக் கவுன்டி ஒன்று, புயல் வரும் பக்கத்தில் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி.

அலைவரிசை

"ஸ்கேன்" பொத்தானை அழுத்தினால் எது பலமாகக் கேட்கிறதோ அதில் பெட்டி நின்றுவிடும். அங்கேயே விட்டுவிடாதீர்கள். பலமாகக் கேட்பது வேறு, உங்கள் கவுன்டிக்கு எச்சரிக்கை அனுப்பும் கோபுரமாக இருப்பது வேறு. எங்கள் பக்கம் 162.400இல் டல்லாஸ் நிலையம், அழைப்புக்குறி கேஇசி56. 162.550இல் ஃபோர்ட் வொர்த் நிலையம், கேஇசி55. இரண்டுமே கேட்கும் வீடுகள் உண்டு. வானிலை சேவைத் தளத்தில் ஒவ்வொரு கவுன்டிக்கும் நேராக எந்தெந்த நிலையம், எந்த அலைவரிசை என்று பட்டியல் இருக்கிறது. அதில் உங்கள் கவுன்டிக்கு நேராக இருப்பதை வையுங்கள். சரியான எண்ணைப் போட்டு, தவறான கோபுரத்தில் வைத்திருந்தால் பெட்டி ஆயுசுக்கும் வாய் திறக்காது. நீங்களும் ஊரில் ஆபத்தே வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

சேனல் எண்ணை நம்பாமல் அலைவரிசையை நம்புங்கள். ஒரு கம்பெனியின் சேனல் 1 என்பது 162.400, இன்னொரு கருவியில் சேனல் 1 என்றால் 162.550. நண்பர் "நான் ஒன்றில் வைத்திருக்கிறேன்" என்று சொன்னதைக் கேட்டு நீங்களும் ஒன்றில் வைத்தால் பொருந்தாமல் போகலாம்.

ஆன்டெனாவை முழுக்க இழுத்து நேராக நிமிர்த்துங்கள். ஜன்னல் பக்கம் வையுங்கள். வைஃபை ரௌட்டர், கம்ப்யூட்டர், எல்இடி விளக்கின் அடாப்டர் இவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் இரைச்சல் ஏறும். ஓர் அடி நகர்த்தினாலே சில வீடுகளில் குரல் தெளிந்துவிடும். முன்னறிவிப்பை ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா என்று கேளுங்கள். உங்களுக்கே புரியாத இரைச்சலிலிருந்து கரகரக் குறியீட்டைப் பெட்டி பிரித்தெடுக்கும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை.

எதற்குக் கத்த வேண்டும், எதற்குக் கூடாது

கவுன்டி எண்ணுக்கு அடுத்து, பெட்டி ப்ளக்கில் தங்குமா தங்காதா என்பதைத் தீர்மானிப்பது இந்த மெனுதான். பெயர் மாடலுக்கு மாடல் மாறும், "ஈவென்ட்ஸ்" அல்லது "அலர்ட் டைப்" என்று இருக்கும். ஐம்பதுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை வகைகளின் பட்டியல் வரும். எரிமலை, சுனாமி, பனிச்சரிவு எல்லாம் அதில் இருக்கும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

முதலில் ஒரு பாகுபாடு. வாட்ச் என்றால் சூழ்நிலை கூடிவருகிறது, பல கவுன்டிகளுக்குச் சேர்த்துப் பல மணி நேரத்துக்குக் கொடுப்பது. டொர்னேடோ வாட்ச் ஓக்லஹோமாவின் நார்மனில் இருக்கும் புயல் கணிப்பு மையத்திலிருந்து வரும். வார்னிங் என்றால் ரேடாரிலோ நேரிலோ பார்த்தாயிற்று, உடனே ஒதுங்கு என்பது. அதை உள்ளூர் அலுவலகம் கொடுக்கும், எங்களுக்கு ஃபோர்ட் வொர்த். டொர்னேடோ வார்னிங் என்றால் முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிற விஷயம்.

படுக்கையறைப் பெட்டியில் வார்னிங் மட்டும் கத்தட்டும். வாட்ச் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் விளக்கு மட்டும் எரிகிற மாதிரி வையுங்கள், அல்லது அணையுங்கள். டொர்னேடோ வாட்ச் இரவு பதினொன்றுக்கு வந்தால் காலை ஐந்து வரை ஓடும். அதற்காக உங்களை எழுப்பி, எழுந்து நீங்கள் செய்யப் போவது எதுவும் இல்லை. பகலில் அது மிக உபயோகமான தகவல், தூங்கப் போகுமுன் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

நான் வைத்திருப்பதைச் சொல்கிறேன். டொர்னேடோ வார்னிங்: பல மாடல்களில் இதை அணைக்கவே முடியாது, நல்லது. கடும் இடிமழை வார்னிங்: கத்தும். இதில்தான் பலரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள், ஏப்ரல், மே மாதங்களில் இது அடிக்கடி வரும் என்பதால். ஆனால் மேலே சொன்ன 70 மைல் காற்று இதில்தான் அடங்கும். கார் வெளியில் நிற்கும் வீட்டில் ஆலங்கட்டிக்கு முன் உள்ளே எடுக்க அவகாசமும் இதில்தான் கிடைக்கும். தூக்கமே முக்கியம் என்பவர்கள் ஜூலைக்கு மேல் அணைத்துவிட்டு மார்ச்சில் திரும்பப் போடலாம். திடீர் வெள்ள வார்னிங்: ஓடை, கால்வாய்ப் பக்கம் வீடு என்றால் கட்டாயம் வேண்டும். மூன்றாவது மாடி அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் யோசித்து முடிவெடுக்கலாம், ஆனால் கார் கீழே நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம். ரசாயனக் கசிவு, ஊரைக் காலி செய்யும் உத்தரவு, பொது அவசரநிலை: மூன்றையும் விட்டுவையுங்கள், வருவது அபூர்வம், வந்தால் தெரிந்தே ஆக வேண்டும். 911 தொலைபேசி வேலை செய்யவில்லை என்ற அறிவிப்பும் இதில் வரும். அது விளக்காக மட்டும் இருந்தால் போதும். எரிமலை முதலியவற்றை அணைத்துவிடுங்கள்.

அடுத்து, கத்தும் விதம். "வாய்ஸ்" என்று வைத்தால் சில நொடி சைரன் அடித்து, தானாகவே செய்தி வாசிப்புக்கு மாறும். "டோன்" என்று வைத்தால் பொத்தானை அழுத்தும் வரை சைரன் ஓடும். அயர்ந்து தூங்குகிறவர்கள் டோன் வைக்கலாம். மற்றவர்களுக்கு வாய்ஸ்தான் சரி. கும்மிருட்டில் பொத்தானைத் துழாவாமலே செய்தி காதில் விழும்.

கத்தியதும் என்ன செய்வது

முதல் இருபது நொடி செய்தியைக் கேளுங்கள். 2007 அக்டோபரிலிருந்து வார்னிங்குகள் முழுக் கவுன்டிக்கு என்றில்லாமல், வரைபடத்தில் புயல் போகும் பாதையைச் சுற்றி ஒரு பலகோணம் வரைந்துதான் கொடுக்கப்படுகின்றன. ஆனால் ரேடியோவின் குறியீடு இன்னும் கவுன்டிக் கணக்கில்தான் வேலை செய்கிறது. அதனால் காலினின் கிழக்குக் கோடியில் ஃபார்மர்ஸ்வில்லுக்கு மட்டும் வார்னிங் என்றாலும் மேற்குக் கோடியில் ஃபிரிஸ்கோ வீட்டுப் பெட்டி கத்தும். புயல் இப்போது எங்கே, எந்தத் திசையில், எவ்வளவு வேகம், எந்தெந்த ஊர்கள் பாதையில் என்பதைக் குரல் வாசிக்கும். கணினிக் குரலில் ஊர்ப் பெயர்கள் முதலில் பிடிபடாது. பகலில் சும்மா இருக்கும்போது ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்டுப் பழகுங்கள். உங்களைச் சுற்றியுள்ள பத்து ஊர், இரண்டு மூன்று ஹைவே பெயர்களையாவது தெரிந்துவைத்திருங்கள்.

இங்கேதான் போன் கைகொடுக்கும். போன் எச்சரிக்கை அந்தப் பலகோணத்தைப் பார்த்து வரும். எழுப்புவது ரேடியோ, நம் வீடு பாதைக்குள் இருக்கிறதா என்று காட்டுவது போன். ரேடியோ கத்தி, ஊர்ப் பெயர் புரியாமல், போனும் கையில் இல்லையென்றால் யோசிக்க வேண்டாம், ஒதுங்கிவிட வேண்டியதுதான். வீணாகக் கால் மணி நேரம் படிக்கட்டுக்கடியில் உட்கார்ந்திருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

எங்கே ஒதுங்குவது என்பதைப் பகலிலேயே முடிவு செய்யுங்கள். டெக்சஸ் வீடுகளில் பேஸ்மென்ட் அபூர்வம். கீழ்த்தளத்தில், வெளிச்சுவர் படாத, ஜன்னல் இல்லாத சிறு அறை: படிக்கட்டுக்கு அடியில் உள்ள அலமாரி அறை, நடுவில் உள்ள குளியலறை. அங்கே இருக்கும் சூட்கேஸ், வேக்யூம் க்ளீனர் எல்லாவற்றையும் இப்போதே வெளியில் எடுங்கள். ஆளுக்கு ஒரு ஜோடி மூடிய ஷூ, பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட், ஒரு டார்ச், இவற்றை அங்கேயே வைத்துவிடுங்கள். இடிந்த வீட்டிலிருந்து வெளியே வரும்போது கண்ணாடித் துண்டும் ஆணியும்தான் காலை அறுக்கும்.

அம்மா, அப்பா வந்திருந்தால்

ஊரிலிருந்து அம்மா வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தபோது, பகலில் வீட்டில் தனியாக இருப்பார். நான் மெனு, வாட்ச், வார்னிங் என்று விளக்கத் தொடங்கியதும் கையை நீட்டி நிறுத்தினார். "அது கத்துனா நான் எங்க போய் உக்காரணும், அதை மட்டும் சொல்லு." அதைவிடச் சரியான கேள்வியை யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

பெரும்பாலான மேஜை மாடல்களில் மூன்று விளக்கு இருக்கும். சிவப்பு வார்னிங், ஆரஞ்சு வாட்ச், மஞ்சள் பொது அறிவிப்பு. பெட்டிக்கு மேலே ஒரு அட்டை ஒட்டினேன், பெரிய எழுத்தில், தமிழில். "சிவப்பு: படிக்கட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்து. போனை எடுத்துக்கொள். நான் கூப்பிடும் வரை வெளியே வராதே. ஆரஞ்சு: வாக்கிங் போகாதே. மஞ்சள்: ஒன்றும் செய்ய வேண்டாம்." பிறகு டெஸ்ட் பொத்தானை அழுத்தி சைரனைக் கேட்க வைத்தேன். அடுப்பை அணைப்பது, செருப்பு மாட்டுவது, படிக்கட்டு அறைக்குப் போவது, கதவைச் சாத்துவது என்று நடந்து பார்த்தார். அடுப்பை அணைக்கும் வரியை அட்டையில் சேர்க்கச் சொன்னது அவர்தான்.

ஆங்கிலம் புரியாதவர்களுக்கு இந்த அட்டைதான் மொழி. முடிந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லிவையுங்கள். சிவப்பு எரிந்து அரை மணி நேரம் கழித்தும் உங்களால் போனில் பிடிக்க முடியவில்லையென்றால் அவர் கதவைத் தட்டிப் பார்ப்பார்.

புதன்கிழமைச் சோதனை, பேட்டரி

வாரம் ஒருமுறை சோதனை ஒலிபரப்பு உண்டு. பல அலுவலகங்கள் புதன்கிழமை முற்பகலில், 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் அனுப்பும். அன்று வானிலை மோசமாக இருந்தால் தள்ளிப்போடுவார்கள். பெட்டியின் திரையில் வாராந்திரச் சோதனை என்று ஓடும், சில மாடலில் சிறு சத்தமும் வரும். புதன் மாலை வீட்டுக்கு வந்ததும் திரையை ஒரு பார்வை பாருங்கள். வந்திருந்தால் எண், அலைவரிசை, ஆன்டெனா மூன்றும் சரி என்று பொருள். தொடர்ந்து இரண்டு புதன் வரவில்லையென்றால் முதலில் அலைவரிசையைப் பாருங்கள், அப்புறம் கவுன்டி எண், அப்புறம் பெட்டியை வேறு ஜன்னலுக்கு மாற்றிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா, கோபுரத்தில் பராமரிப்பு வேலை நடக்கிறதா என்று வானிலை சேவைத் தளத்தில் பார்க்கலாம்.

பேட்டரியை மார்ச்சிலும் நவம்பரிலும், கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் நாளில் மாற்றிவிடுங்கள். பழைய அல்கலைன் பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்தால் பெட்டியே போய்விடும். பிறகு ப்ளக்கை ஒரு நிமிடம் பிடுங்கி, பேட்டரியில் ஓடுகிறதா என்று பாருங்கள். பெரிய புயலில் முதலில் போவது மின்சாரம்.

வெளியூர் போகும்போது

ஆற்றங்கரையில், ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கும் பழக்கம் உள்ளவர்கள் சேம் வசதியுள்ள கையடக்க மாடல் ஒன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். 2025 ஜூலை 4 அதிகாலையில் மத்திய டெக்சஸில் குவாடலூப் ஆறு பெருகி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், முகாமுக்கு வந்திருந்த சிறுமிகள் உட்பட. கெர் கவுன்டிக்குத் திடீர் வெள்ள வார்னிங் அதிகாலை 1:14 மணிக்கு வெளியானது. எல்லாரும் அயர்ந்து தூங்கும் நேரம். அந்த மலைப்பகுதியில் பல இடங்களில் செல்போன் சிக்னல் சரியாகக் கிடைக்காது.

கிளம்புமுன் போகும் இடத்தின் கவுன்டி எண்ணையும் அலைவரிசையையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்; அங்கே போய் இணையத்தில் தேடலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். கெர் கவுன்டிக்கு 048265. ஆற்றின் மேல்புறத்தில் வேறு கவுன்டி இருந்தால் அதையும் சேருங்கள், மழை அங்கே பெய்து வெள்ளம் இங்கே வரும். வீட்டில் ஒரே ஒரு பக்கத்துக் கவுன்டி போதும் என்று சொன்ன கணக்கு ஆற்றங்கரைக்குச் செல்லாது. கூடாரம் அடித்ததும், இருட்டுவதற்கு முன், ரேடியோவைப் போட்டுக் குரல் தெளிவாக வருகிறதா என்று பாருங்கள். பள்ளத்தாக்கில் வரவில்லையென்றால் மேட்டுக்குக் கூடாரத்தை மாற்றுங்கள். ரேடியோ எடுக்காத இடத்தில்தான் தங்க வேண்டும் என்றால், தண்ணீர் ஓரத்தை விட்டு நன்றாக உயரத்தில் தங்குங்கள். வீடு திரும்பியதும் கவுன்டி எண்ணைப் பழையபடி மாற்றிவிடுங்கள்.